வண்டி அவரைத் தேடுதாம்

செப்டம்பர் 15, ஞாயிறு

மகள் தங்கமாரி இன்று திருப்பூருக்குப் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் கழியும்வரை இருந்தாள். அதற்கு மேல் பனியன் கம்பெனியில் லீவு இல்லையாம். பஸ் ஏறும்போது, "எம்மா, ஒரு நாளைக்குப் பத்து தடவ போன் அடிக்காத. சொல்லணும்னு தோணுறத ஒரு நோட்டுல எழுதி வை. சாயங்காலம் மொத்தமா கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

நோட்டு வாங்கப் போகவில்லை. புருசன் செத்த மூன்றாம் வாரம் கடைத்தெருவில் நின்றால் எதிர்வீட்டு சொர்ணத்தக்கா அதை மூன்று தெருவுக்குக் கொண்டு சேர்த்துவிடுவாள். அவருடைய டைரி இருந்தது. உரக்கடையில் வருசா வருசம் கொடுப்பது. டிராக்டர் யார் வயலில் எவ்வளவு நேரம் ஓடியது என்று அதில் எழுதுவார். கடைசியாக ஆகஸ்ட் 28இல் "நம்பி மேட்டுக்காடு. ஒன்றரை மணி" என்று இருக்கிறது. அதன் பிறகு வெள்ளைத் தாள்தான். அதில் எழுதுகிறேன். நான் ஐந்தாவதுதான். அவர் பத்தாவது. ஆனால் கையெழுத்து என்னுடையதுதான் நன்றாக இருக்கிறது.

அவர் பெயரை இதுவரை வாயால் சொன்னதில்லை. எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் வந்து அடிக்கவா போகிறார். சப்பாணிமுத்து. எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

டீக்கடையில் உளுந்த வடையைக் கடித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு. கடைசியாக என்ன சொன்னார் என்று டீ மாஸ்டரிடம் கேட்டேன். அவன் அழுதுகொண்டே சொன்னான்: "சட்னி தண்ணியா இருக்கேலேன்னு சொன்னாவ சித்தி." முப்பத்தொரு வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்கு ஒரு வார்த்தை வைக்காமல் சட்னிக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

செப்டம்பர் 16, திங்கள்

சோறு மிச்சம். இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

கொழுந்தன் ஐகோர்ட்துரை காலையில் வந்தான். அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவன். "மைனி, வண்டிய ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். சும்மா நின்னா பேட்டரி போயிரும்" என்றான்.

அவர் போனதிலிருந்து டிராக்டர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அப்படியே நிற்கிறது. துரை தரையில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருகினான்.

"ஏறி உக்காந்து திருகேன் துரை."

காது கேட்காத மாதிரி இருந்தான். வண்டி இருமியது. வெள்ளைப் புகை விட்டது. மறுபடி இருமி நின்றுபோனது. பத்து தடவை திருகினான். பிறகு பேனட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "மைனி, வண்டி அண்ணன தேடுது" என்று அழ ஆரம்பித்தான்.

வண்டி தேடவில்லை. தேடியிருந்தால் டீக்கடைக்குப் போயிருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் பேச்சை மாற்றினான். நாங்குநேரிப் பக்கம் ஒரு ஆள், வண்டி இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வானாம். "யாரு ஓட்டப்போறா மைனி? நிக்க நிக்க இரும்பு விலதான்."

வண்டி போய்விட்டால் எங்கள் முக்கால் ஏக்கரை உழவே நான் ஊரான் வண்டிக்குக் கெஞ்ச வேண்டும். அவர் வழக்கமாகத் தொளி அடித்து, சேறாக்கிக் கொடுக்கிற எட்டு வீட்டு வயலும் வேறு ஆளிடம் போய்விடும். ஒரு தடவை போன வயல் திரும்பி வராது. அதை விட்டால் எனக்குச் சோற்றுக்கு வழி தங்கமாரி வீட்டு அடுப்படிதான்.

"கால்வாய்ல தண்ணி எப்ப விடுவாவ?" என்றேன்.

"ஐப்பசி பொறந்து ரெண்டு மூணு நாள்ல."

"அதுக்குள்ள ஓடிட்டா வண்டி இங்கனதான் நிக்கும். ஓடலன்னா நாங்குநேரிக்காரன வரச்சொல்லு."

சரி என்றான். முகத்தைப் பார்த்தால், ஓடக் கூடாது என்று கோயிலில் நேர்ந்துகொண்டவன் மாதிரி இருந்தது. பாகம் கிடைக்கும் என்று பார்க்கிறான் போல.

செப்டம்பர் 18, புதன்

நம்மூர் மெக்கானிக் பிச்சையா வந்து பில்டரைக் கழற்றினார். உள்ளே இருந்ததைக் கையில் ஊற்றி வெயிலில் பார்த்தார்.

"டீசல்ல என்னமோ கலந்திருக்கு. வெள்ளையாக் கெடக்கு பாருங்க. தண்ணியாத்தான் இருக்கும். மழ கிழ பெஞ்சுதா?"

"ஒரு துளி கெடையாது" என்றான் துரை.

"அப்பம் தண்ணி எப்படிம்மா டேங்குக்குள்ள போச்சு?"

நான் என்னத்தைக் கண்டேன். அடுப்பில் பருப்பு இருந்தது, உள்ளே போய்விட்டேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

பம்பு வரைக்கும் ஏறிவிட்டதாம். டேங்கை இறக்கிக் கழுவி, பம்பைப் பிரித்துத் துடைக்க வேண்டுமாம். அதை இந்தப் புழுதியில் பிரிக்க முடியாது, ஒரு பொடி மண் போனாலும் பம்பு காலி. பம்பை மட்டும் கழற்றிக்கொண்டு போனால் திரும்ப மாட்டும்போது டைமிங் வைக்க அவருக்குத் தெரியாதாம். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. வண்டியோடு திருநெல்வேலி ஷெட்டுக்குப் போக வேண்டும். இருபத்தெட்டு கிலோமீட்டர்.

ஓடாத வண்டியை ஓட வைக்க ஓட்டிக்கொண்டு போக முடியாது. இதை ஒரு மெக்கானிக் வந்து சொல்லித்தான் புரிந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்னும் துட்டி கேட்க ஆள் வருகிறார்கள். வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். நானும் அழுகிறேன். மூக்கைச் சிந்தியதும், "உங்களுக்குத் தெரிஞ்ச லாரி யாருகிட்டயும் இருக்கா?" என்று கேட்கிறேன். சொர்ணத்தக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏட்டி சீனி, துட்டி வீட்டுல கேக்குற கேள்வியாட்டி இது?" என்றாள். இத்தனை ஊர் ஆட்கள் வேறு எப்போது என் வீட்டுக்கு வரப்போகிறார்கள்.

இதுவரை கிடைத்த யோசனைகள்:

கயிறு கட்டி இன்னொரு டிராக்டர் இழுப்பது. இதுதான் செலவு குறைவு. ஆனால் இப்போது கார்ப் பருவ நெல் அறுப்பு. எல்லா டிராக்டரும் நெல் ஏற்றப் போகிறது. அதுவும் போக, நாலுவழிச் சாலையில் முன்வண்டி பிரேக் போட்டால் பின்வண்டி போய் முட்டும். பின்வண்டியில் உட்கார நம்பி அண்ணாச்சியிடம் ஆள் கேட்டேன். "ஒரு துட்டி முடிஞ்சு இன்னும் பந்தக்கால் கூடப் பிடுங்கல தாயி" என்றார்.

டவுனிலிருந்து மீட்பு வண்டி. போனில் வாடகையைச் சொன்னான். இரண்டு வெள்ளாட்டு விலை. என்னிடம் இருப்பதே மூன்று.

குட்டி லாரி. ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டு, "எருமையக் கட்டில்ல படுக்கப் போடச் சொல்லுதிய" என்று போய்விட்டான்.

சக்கரத்தை எல்லாம் கழற்றித் தனித்தனியாக அனுப்புவது. இது தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு மாமா. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். பார்சல் நினைப்பு.

நாலு ஜோடி மாடு பூட்டி இழுப்பது. இது துரை. குடித்திருந்தான்.

செப்டம்பர் 21, சனி

தங்கமாரி போனில் கேட்டாள், "எம்மா, காடேத்துக்கு எவ்வளவு பால் வாங்குனோம்?" அவள் மாமியாருக்குத் தெரிந்த வீட்டில் ஒரு சாவாம், கணக்குக்குக் கேட்டாள். ஒரு செம்பு என்றேன். எரித்த மறுநாள் சுடுகாட்டில் பால் ஊற்றுவது. பொம்பளைகள் போகக் கூடாது. நாங்கள் வாசலோடு சரி. செம்பை வாசலில் நின்று துரை கையில் கொடுத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 23, திங்கள்

குளத்தில் துணி துவைக்கப் போனேன். படித்துறையில் பொம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும். அழுக்கு எனக்காகக் காத்திருக்காது.

நம்பி அண்ணாச்சி வயலில் அறுப்பு மெஷின் இறங்கியிருக்கிறது. சேலத்துப் பக்கம் ஆத்தூரிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். மெஷின் வயலில் பகல் முழுக்க ஓடுகிறது. லாரி? லாரி மருத மரத்தடியில் சும்மா நிற்கிறது. அதன் டிரைவர் எனக்கு நாலு துவைக்கிற கல் தள்ளி உட்கார்ந்து லுங்கி துவைத்துக்கொண்டிருந்தான்.

என் டிராக்டரைவிட இரண்டு பங்கு மெஷினைச் சுமந்துகொண்டு வந்த லாரி. மூன்று நாளாக அதே இடத்தில் நிற்கிறது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டே ஊரெல்லாம் லாரி கேட்டிருக்கிறேன்.

"தம்பி, மெஷினு எத்தன நாளைக்கு ஓடும்?"

"இன்னும் ஒரு வாரம் ஓடுங்கக்கா."

"அதுவரைக்கும் லாரி என்ன செய்யும்?"

"தூங்குங்கக்கா. நானும் தூங்குவேன்."

விசயத்தைச் சொன்னேன். பெயர் செங்கோடன். ஓனரிடம் போனில் கேட்டான். டீசல் போட்டால் போதும், ஆனால் மெஷின் வேறு ஊருக்குக் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஓனர் சொன்னாராம். "உனக்கு என்ன தம்பி வேணும்?" என்றேன். தலையைச் சொறிந்தான்.

"பத்து நாளா பரோட்டாதாங்கக்கா. வயிறு கல்லாட்டம் இருக்குது. போற வரைக்கும் சோறு போடுவீங்களா?"

படித்துறையில் எல்லோரும் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவர் போன பிறகு முதல் தடவை. செங்கோடன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு கெட்டியா, சூப்பரா இருக்குதுங்கக்கா" என்றான். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

சொர்ணத்தக்கா வாசலில் நின்று, "வெளியூர் லாரிக்காரனுக்கு ஆக்கிப் போடுதியாமே" என்றாள். "ஆமாக்கா. நீங்க டிராக்டர தூக்கிட்டுப் போறதா இருந்தா உங்களுக்கும் ஆக்கிப் போடுதேன்" என்றேன். போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தோடு வந்து குழம்பு வாங்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

கால்வாய்க் கரையில் மடைக்குப் பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. லாரியைப் பள்ளத்தில் இறக்கிப் பின்பக்கத்தைக் கரையோடு ஒட்டி நிறுத்தினால் கரையும் லாரித் தட்டும் ஒரே மட்டம். அறுப்பு மெஷினை அப்படித்தான் ஏற்றி இறக்குகிறார்கள். மெஷின் தானாக ஏறும். செத்த வண்டியை ஆள்தான் தள்ள வேண்டும். லாரியே கயிறு கட்டிக் கரைவரை மெதுவாக இழுத்துக் கொடுத்தது; துரை பக்கத்தில் நடந்தபடியே ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தான். பிறகு போய்ப் பள்ளத்தில் நின்றுகொண்டது.

தள்ள ஆள் இல்லை. எல்லாரும் அறுப்புக்குப் போய்விட்டார்கள். நானும் துரையும் பிச்சையாவும் நின்றுகொண்டிருந்தபோது, சாத்தான்குளத்திலிருந்து வேன் பிடித்துத் துட்டி கேட்க வந்தார்கள். அவருடைய ஒன்றுவிட்ட அத்தை வீட்டு ஆட்கள். பதினோரு ஆம்பளை, எல்லாம் வெள்ளைச் சட்டை. வீட்டில் ஆள் இல்லை என்று கரைக்கே வந்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் பெரியவர் ஒருத்தர், "எம்மா சீனி, இப்படி ஆயிட்டே" என்று ஆரம்பித்தார். "மாமா, பொறவு அழலாம். மொதல்ல இதத் தள்ளுங்க" என்றேன்.

"யாரு மேல உக்காந்து ஸ்டேரிங் பிடிக்கிறது?" என்றார் பிச்சையா. எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். துரை படியில் ஒரு காலை வைத்தான். எடுத்துவிட்டான். மறுபடி வைத்தான்.

"அண்ணன் சீட்டுல நான் உக்கார மாட்டேன்" என்றான். பதினோரு பேர் முன்னால்.

அன்றைக்குத் தரையில் நின்று சாவியைத் திருகினானே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் ஏறினேன். ஓட்டத் தெரியாது. ஆனால் பின் சக்கரத்து மக்காட்டில் உட்கார்ந்து வருசக்கணக்காக அவர் காலைப் பார்த்துக்கொண்டேதான் வயலுக்குப் போயிருக்கிறேன். எது பிரேக் என்று எனக்குத் தெரியும். சீட்டில் அவருடைய துண்டு கிடந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

தள்ளினார்கள். ஒருத்தர் இடது என்றார். ஒருத்தர் வலது என்றார். பெரியவர் முருகா என்றார். செங்கோடன் லாரித் தட்டில் நின்று கையை ஆட்டிக் கத்தினான்: "அக்கா! யாரு பேச்சையும் கேட்காதீங்க! என்னை மட்டும் பாருங்க!" முன் சக்கரம் தட்டில் ஏறியது. பின் சக்கரம் ஒரு பக்கம் கரை விளிம்பில் சரிந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. என் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. சாத்தான்குளத்து ஆட்கள் அதை ஊருக்குக் கொண்டுபோயிருப்பார்கள். வண்டி ஏறிவிட்டது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். நின்றது.

பதினோரு வெள்ளைச் சட்டையும் பாழ். எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் துட்டி கேட்டார்கள்.

திருநெல்வேலி ஷெட்டில் சங்கிலி போட்டு இறக்கினார்கள். லாரி உடனே திரும்பிவிட்டது. பெரிய மெக்கானிக் ஜெபமணி அண்ணாச்சி டேங்கின் அடிமூடியைத் திறந்து கீழே ஒரு சட்டியை வைத்தார். முதலில் நாறுகிற தண்ணி வந்தது. பிறகு வெள்ளையாகக் கட்டி கட்டியாக விழுந்தது. ஷெட்டு நாய் வந்து மோந்து பார்த்தது, யோசித்தது, போய்விட்டது.

"என்னவே இது? டேங்குக்குள்ள தயிர் ஒற ஊத்தி வச்சிருக்கிய?"

துரை வெளிறிப்போனான். "அண்ணாச்சி, நான்தாம். பதினாறு அன்னைக்கு அண்ணனுக்குப் படையல்ல பிராந்தி வச்சோம். வண்டின்னா அண்ணனுக்கு உசுரு. அதுக்கும் ஒரு வாய் குடுப்போம்னு குவார்ட்டர்ல பாதிய ஊத்திட்டேன்."

"மீதி?"

"குடிச்சிட்டேன்."

"பிராந்திய ஊத்துனா தயிராகுமாவே? இது பாலு. பால யாரு ஊத்துனா?"

சுவரில் டயர் கம்பெனி காலண்டர் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரை என்னை ஒரு தடவை பார்த்தான்.

"அதுவும் நான்தாம் அண்ணாச்சி."

ஜெபமணி அண்ணாச்சி அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அறிவு இருக்கா, பாலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் தெரியாதா, நீயெல்லாம் ஒரு டிராக்டர்காரன் தம்பியா. துரை குனிந்த தலை நிமிரவில்லை.

இனி இந்த டைரியில் மறைத்து என்ன. நான்தான் ஊற்றினேன். காடேத்து அன்று காலையில் எல்லோரும் வாசலில் சங்குக்காரனைத் தேடிக்கொண்டிருந்தபோது, செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சுடுகாட்டுக்கு நான் போகக் கூடாது. அங்கே கிடந்தது எலும்பு. அவர் இருந்தது இந்த வண்டியில்தான். காலையில் எழுந்ததும் முதலில் வண்டிக்கு ஊற்றுவார், பிறகுதான் என்னிடம் காப்பி கேட்பார். அதனால் மூடியைத் திறந்து பாதிச் செம்பை ஊற்றினேன். கெட்டுப்போகும் என்று தோன்றவே இல்லை. இன்னும் அது தப்பு என்று தோன்றவில்லை. வண்டிக்குத்தான் சேரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் துரை என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். திரும்பாமலே சொன்னான்:

"வாசல்ல செம்ப வாங்கும்போதே கனம் தெரிஞ்சுது மைனி. பாதிதான் இருந்துச்சு. பெரியாளுவ பாத்தா உங்கள ஒரு வழி பண்ணிருவாவ. அதான் போற வழியில அடிபம்புல..."

"அடிபம்புல?"

"தண்ணி கலந்துட்டேன்."

"உங்க அண்ணனுக்குத் தண்ணிப் பாலையா ஊத்துன?"

"சட்னியே தண்ணியா இருக்குன்னு சொல்லிட்டுப் போன மனுசன் மைனி. எந்திரிச்சு வந்து கேக்காம விட்டாவளேன்னு இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. துரையும் சிரித்தான். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொட்டில்லாத நெற்றியோடு ஒருத்தி இப்படிச் சிரித்தால் பார்க்கத்தான் செய்வார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர் கேட்காமல் போய்விட்டார். சிரித்து முடித்தபோது முந்தானை நனைந்திருந்தது.

சீவலப்பேரி விலக்கு தாண்டியதும் அவன் சொன்னான், "பங்குக்காக விக்கச் சொல்லல மைனி. அந்தச் சீட்டு சும்மா கெடக்குறதப் பாக்க முடியல. வித்துட்டா பாக்க வேண்டாம்லா."

முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும்தான்.

அக்டோபர் 5, சனி

வண்டி தயார். ஒரு ஆட்டை விற்றேன். இரண்டு ஆடு மிச்சம்.

செங்கோடன் போன செவ்வாய்க்கிழமையே மெஷினை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஒரு பாட்டிலில் கருவாட்டுத் தொக்கு கொடுத்துவிட்டேன்.

வண்டி வரும்போது லாரி வேண்டாம், அதற்கே கால் இருக்கிறது. ஜெபமணி அண்ணாச்சி ஸ்டார்ட் செய்து காட்டினார். இருமல் இல்லை. கறுப்புப் புகை ஒரு குப்பென்று விட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விடுகிற மாதிரி ஓடியது. துரை பக்கத்தில் நின்றான்.

"ஏறு" என்றேன்.

"மைனி..."

"அன்னைக்கு நான் உக்காந்துட்டேன். இனி அது அண்ணன் சீட்டு இல்ல. மைனி சீட்டு. மைனி சீட்டுல உக்காரலாம், ஏறு."

கொஞ்ச நேரம் அதை யோசித்தான். சரியாக இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். ஏறினான். நான் மக்காட்டில் உட்கார்ந்தேன். இருபத்தெட்டு கிலோமீட்டரும் அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். கிளட்ச்சை விட அவசரப்படுகிறான். சொன்னேன். "அண்ணன் மாதிரியே நொட்டை சொல்லுதிய" என்றான்.

அக்டோபர் 20, ஞாயிறு

கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்குநேரிக்காரன் காலையில் வந்தான். துரையே அவனைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய் வண்டியை ஸ்டார்ட் செய்து, உறுமவிட்டுக் காட்டி, "இது விக்கிறதுக்கு இல்லவே" என்று அனுப்பிவிட்டான். சும்மாவே அனுப்பியிருக்கலாம். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 21, திங்கள்

எங்கள் வயல். முக்கால் மணி.

நம்பி கீழ்வயல். இரண்டு மணி.

ஊற்றியது டீசல் மட்டும்.